ஏழெட்டில் ஒரு கொலை

1

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைப் படிகளில் ஓடினேன்.

"டாக்டர்! குழந்தை வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் துடிக்கிறா!"

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் வழிவிட்டார்கள். டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்து வயிற்றை அங்கங்கே அழுத்தினார்.

"இங்க வலிக்குதா கண்ணு?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

"அப்ப எப்பதான் வலிக்கும்?"

"ஏழாம் வாய்ப்பாடு சொல்றப்ப."

சொல்லிவிட்டு மகள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவின் காதை இழுத்து ஏதோ முணுமுணுத்தாள். அவர் முகம் மாறியது.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் அவ அப்பா டாக்டர்."

"தெரியுது. அதனாலதான் சொல்றேன். வெளிய இருங்க."

2

இந்தக் கதை பிறந்தது சாத்திய அந்தக் கதவுக்கு வெளியே. நான் வாரப்பத்திரிகையில் மர்மத்தொடர் எழுதிப் பிழைக்கிறவன். உள்ளே மகள் என்ன ஆனாளோ என்று தகப்பன் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, அவனுக்குள் இருக்கும் இன்னொருவன் வெட்கமில்லாமல் முதல் வரி தேட ஆரம்பித்துவிட்டான்.

'மூடிய கதவுக்குப் பின்னால் ஓர் அலறல்...' (யாரும் அலறவில்லை. தவிர, போன தொடரே இப்படித்தான் ஆரம்பித்தது.)

'டாக்டரின் கையில் ஸ்கேன் படம் நடுங்கிய...' (ஸ்கேன் எடுக்கவே இல்லை. வரியை அடி.)

[இந்த இடத்தில் ஒரு பத்தி முழுக்க வியாதிகளின் பெயர்கள் இருந்தன. கிழித்துவிட்டேன். நான் நினைத்துப் பார்த்ததே போதும், நீங்கள் வேறு எதற்கு?]

கதவு திறந்தது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டிருந்தார். என் தொடர்களில் டாக்டர்கள் கதவைத் திறக்கும்போது சிரித்ததே இல்லை.

"வயித்துல ஒண்ணும் இல்ல சார். ஏழாம் வாய்ப்பாடுதான் சிக்கிட்டு நிக்குது. அதுக்கு மாத்திரை கிடையாது."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுதினால் என் வாசகர்கள் நம்பமாட்டார்கள். மூக்கைச் சிந்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"உங்க காதுல என்ன சொன்னா டாக்டர்?"

"முதல்ல அதை வீட்டுல சரிபண்ணிட்டு வாங்க. அப்புறம் சொல்றேன். வாய்ப்பாடு சொல்லிக்குடுக்கிறது யாரு?"

"நான்தான்."

"நினைச்சேன்."

3

உயிர் திரும்பி வந்ததும் எனக்கு வில்லன் தேவைப்பட்டான். தொழில் அப்படி. கணக்கு டீச்சரைப் பிடித்தேன். 'கண்ணாடிக்கு மேலாகத் துளைக்கும் கண்கள், மேஜைமேல் எண்ணெய் தடவிய பிரம்பு' என்று விறுவிறுவென்று அரைப் பக்கம். பிறகு சந்தேகம் வந்து போன் செய்தேன்.

"பிரம்பா? நீங்க வேற சார், என்கிட்ட முழு சாக்பீஸே கிடையாது" என்றார் டீச்சர். "ஆறாம் வாய்ப்பாடு பாட்டு மாதிரி சொல்றா. ஏழுலயும், ஏழேழு நாப்பத்தொம்பது வரைக்கும் ஓடி வர்றா. ஏழெட்டு வந்தா வாயை இறுக்கிக்கிறா. தப்பாச் சொன்னாலும் பரவாயில்ல தங்கம்னு சொன்னா, தேம்பித் தேம்பி அழுறா. வெள்ளிக்கிழமை எல்லாரும் வாய்ப்பாடு சொல்லணும். இப்படியே போனா ஸ்கூலுக்கே வரமாட்டேன்னு உக்காந்துடுவாளோன்னு பயமா இருக்கு சார்."

பிரம்பை அடித்துவிட்டேன். கண்களையும்.*

* அடிக்குறிப்பு: இந்தக் கதையின் தங்கமான மனுஷி இந்த டீச்சர்தான். நல்லவர்களுக்குக் கதையில் அதிக வேலை இருப்பதில்லை. மன்னிக்கவும், டீச்சர்.

4

அப்படியானால் குற்றவாளி யார்? துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலைநிமிராமலே துப்புத் துலக்கினாள்.

"ஏங்க, ஊர்ல எல்லாரும் வாய்ப்பாடு சொல்லிக்குடுக்கிறாங்க. நம்ம வீட்டுலதான் குண்டு வெச்சு சொல்லிக்குடுக்கிறோம்."

விளக்கம் தர வேண்டும். வெறுமனே ஒப்பிக்கச் சொன்னால் மகள் தூங்கிவிழுந்தாள். அதனால் நான் ஒரு பயிற்சி கண்டுபிடித்தேன். ஒரு தலையணையை நாற்காலியில் கட்டிவைப்பேன். அதுதான் சோடாபுட்டி: என் தொடரில் துப்பறிவாளரின் உதவியாளர், தடித்த கண்ணாடிக்காரர், என் மகளின் செல்லம். அவர் மடியில் அலாரம் கடிகாரம், அதாவது டைம்பாம். ஒவ்வொரு பெருக்கலும் ஒரு ஒயர். சரியாகச் சொன்னால் ஒயர் அறுபடும். தப்பாகச் சொன்னால்...

இரண்டிலிருந்து ஆறு வரை மளமளவென்று ஒயர்கள் அறுந்தன. எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். அப்புறம் ஒரு மாலை.

"ஏழெட்டு?"

"அம்பத்திநாலு."

அலாரம் அலறியது. "டமால்! சோடாபுட்டி காலி!"

அவளும் சிரிக்கத்தான் செய்தாள்.

"மறுநாள் உங்க பத்திரிகை வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி. "எழுத்துக்கூட்டி முழுசாப் படிச்சா. அன்னிக்குத்தான் முதல் வயித்துவலி."

அந்த இதழில், குண்டுவெடித்து, சோடாபுட்டி செத்துப்போயிருந்தார்.

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: அடுத்த வாரமே சோடாபுட்டி எழுந்து வருகிறார். (அப்புறம் சரியான விடை சொன்னால் செத்தவர் பிழைப்பார் என்று நினைத்துக்கொள்வாள். வீட்டில் யாருக்காவது ஜுரம் வந்தால், பாவம், பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் படிப்பாள்.)

முடிவு இரண்டு: 'மகள் பெரியவளாகி, கணிதத்தில் பெரும்...' (இது முடிவல்ல, பேராசை.)

மூன்றாவது நடந்தது. தலையணையை அவிழ்த்துக் கட்டிலில் போட்டேன். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"பத்திரிகை அச்சாகி வர நாளாகும்டா. நீ அம்பத்திநாலுன்னு சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே அதை எழுதிக்குடுத்துட்டேன்."

"அப்ப நான் கொல்லலையா?"

"இல்ல. நான்தான்."

"எதுக்குப்பா?"

"கதை நகரலைடா."

"அதுக்கு ஒரு ஆளைக் கொல்லுவாங்களா?"

"நல்லாக் கேளு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மகள் தலையணையை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். "இப்ப தப்பாச் சொன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. திரும்பச் சொல்லணும். அவ்வளவுதான்."

நம்பவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"ஏழெட்டு அம்பத்தஞ்சு."

என்னைப் பார்த்தாள். எட்டி அம்மாவைப் பார்த்தாள். இருவரும் உயிரோடுதான் இருந்தோம்.

"ஏழெட்டு அம்பத்தேழு!"

அப்போதும் இருந்தோம்.

"ஏழெட்டு நூறு! ஏழெட்டு ஆயிரம்!" குதிக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் சேர்ந்து குதித்தேன். கட்டில் கிறீச்சிட்டது. மூச்சுவாங்க விழுந்தவள், யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, "அம்பத்தாறுப்பா. எனக்குத் தெரியும்" என்றாள்.

6

வெள்ளிக்கிழமை வகுப்பில் என்ன சொன்னாள் என்று எழுதப்போவதில்லை. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பத்தாறு என்று எழுதினாலும் சரி, ஐம்பத்தேழு என்று எழுதி மறுபடி சொல்லவைத்தாலும் சரி. காலையில் வயிற்றைப் பிடிக்காமல் பையை மாட்டிக்கொண்டு போனாள். தகப்பனுக்கு அது போதும்.

நன்றி சொல்ல டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "இப்பவாவது சொல்லுங்க டாக்டர். என்னை ஏன் வெளிய அனுப்பினீங்க?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"'தப்பாச் சொன்னா எங்கப்பா கொன்னுடுவாரு'ன்னா சார். எல்லாக் குழந்தைங்களும் சொல்றதுதானேன்னு விட்டிருப்பேன். அதோட நிறுத்தலையே அவ. என் காதை இழுத்து, 'ஏற்கெனவே ஒருத்தரைக் கொன்னுட்டாரு'ன்னா."