கிணற்றைத் திறந்தவர்

எங்கள் ஊர்த் தலைவர் நானா பகல் சாப்பாட்டு வேளையில் கண்ணை மூடினார். மறுநாள் பாதை துப்புரவுத் திருவிழா. அடுத்த வாரம் பாராளுமன்றத் தேர்தல். மூன்றும் ஒன்றன் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்ததுதான் எங்கள் வினை.

எசுவாமில் ஊர்த் தலைவர் இறந்தால் இறந்தார் என்று யாரும் சொல்வதில்லை. நானாவுக்குக் கால் வலி என்போம். அடுத்தவர் யார் என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகுதான் முரசு அறிவிக்கும். அதற்கு முன் வாய் திறந்தவனை ஊர் மன்னிக்காது. நான் நானாவின் ஒச்சியாமே. சபையில் யார் பேசினாலும் மெல்ல என்னிடம்தான் சொல்ல வேண்டும். உரக்க எடுத்துச் சொல்வது நான். முரட்டுப் பேச்சை வழவழப்பாக்கிக் கொடுப்பது என் தொழில், அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

நானாவின் கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்தவர் டாக்டர் எசில்ஃபி. அரசு ஆஸ்பத்திரியில் ஒற்றை ஆளாக மாரடித்தவர். பாதி ஊர் அவர் கையில் பிறந்தது. போன தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் வந்து கூப்பிட்டபோது, போகாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்குத் தண்ணி கேட்டு எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு. கையெழுத்துப் போடற எடத்துக்கே போறேன்" என்றார்.

போனார், ஜெயித்தார். எம்.பி. ஆன கையோடு நானாவின் அரண்மனை முற்றத்தில் கிணறு வெட்டித் திறந்துவைத்துத் தன் பெயர் பொறித்த கல்லும் பதித்தார். பழைய ஓடை வற்றிப்போனதால் திருவிழாவும் அந்தக் கிணற்றுக்கே மாறியது. இப்போது இரண்டாம் முறை நிற்கிறார்.

நானாவைத் துணியால் மூடிவிட்டு வந்தவர் குலத்தலைவர் அமிசாவிடம் நேராகவே சொன்னார்: இது காலரா, கக்கூஸ் குழி கசிந்து கிணற்றில் இறங்குகிறது, கிணற்றை இன்றே மூட வேண்டும். அமிசாவின் முகம் இறுகியது. பாதையைச் சுத்தம் செய்துகொண்டு வந்து, ஊர் மொத்தமும் அந்தத் தண்ணீரைக் குடிப்பதுதானே திருவிழா?

"மூடினா ஏன்னு கேப்பாங்க. சொன்னா நானா சேதி வெளிய வந்துடும். மருந்துத் தூளைக் கொட்டிட்டுப் போங்களேன், டாக்டர்."

குழி கசிகிறவரை எத்தனை மூட்டை கொட்டினாலும் பிரயோஜனம் இல்லை என்றார் டாக்டர். அமிசா குரலைத் தாழ்த்தினார். வாயைத் திறந்தால் எசுவாமில் ஒரு ஓட்டு விழாது. மூடிக்கொண்டு இருந்தால் அரண்மனை மொத்தமும் அவர் பக்கம். டாக்டர் எழுந்து போனார். அவர் பேசினால் நானாவின் மரியாதை சந்தி சிரிக்கும். பேசாவிட்டால் குழந்தை குட்டிகளோடு ஊர் குடிக்கும்.

மறுநாள் மத்தளமும் வேட்டுமாகக் கூட்டம் வந்தது. ஆண்கள் கையில் வெட்டுக்கத்தி, பெண்கள் கையில் துடைப்பம், எல்லோர் காலிலும் செம்மண். குடைக்கு அடியில் நானாவின் ஆசனம் காலியாக இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கால் வலி என்று சிரித்தபடி சொன்னேன். முன்வரிசையில் எதிர்க்கட்சி வேட்பாளர், தனியார் பள்ளி முதலாளி, வேட்டுச் சத்தத்துக்கெல்லாம் கை தட்டிக்கொண்டிருந்தார். பானைகளில் கிணற்றுத் தண்ணீர் தயார். முதல் குடுவை கிணற்றைத் திறந்தவருக்கு. அவர் குடித்தபின்தான் மற்றவர்கள்.

டாக்டர் குடுவையை வலது கையால் வாங்கினார். கூட்டம் அடங்கியது. அமிசா அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டாக்டர் குடுவையைக் கீழே வைத்தார்.

"ஒச்சியாமே, நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. மெருகு வேண்டாம்."

நானாவின் பெயரை எடுத்தால் என் பதவிக் கோலைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவது என்றுதான் வந்திருந்தேன்.

"இந்தக் கிணறு கெட்டுப்போச்சு. குடிச்சா காலரா வரும். கெடுத்தது நான்தான். மொதல்ல பாத்த எடத்துல பாறை வந்துது. மந்திரி பாக்க வர்ற தேதி நெருங்கிடுச்சுன்னு அவசரத்துல கக்கூஸ் பக்கம் மாத்தி வெட்டச் சொன்னேன். கூடாதுன்னு எனக்குத் தெரியும், நான் டாக்டர். யாரும் குடிக்காதீங்க."

அவ்வளவுதான். நானாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழியை மொத்தமாகத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டார். கிணறு சற்றுக் களைத்திருக்கிறது, அதற்கு ஓய்வு கொடுப்போம் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அப்படிச் சொன்னால் டாக்டர் பிழைப்பார். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் பாதிப் பேர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். அவரைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினார். அவர் சொன்னதை ஒன்று விடாமல் உரக்கச் சொன்னேன். என் தொழிலில் இவ்வளவு அசிங்கமாக நான் பேசியதே இல்லை.

பள்ளி முதலாளி எழுந்து, இனி தான் சொல்ல என்ன இருக்கிறது என்று கையை விரித்தார். ஊளைச் சத்தம் கிளம்பியது. ஒரு குடுவை பறந்து வந்து டாக்டரின் நெஞ்சில் பட்டது. அவர் ஈரத்தைத் துடைக்கக்கூட இல்லை, பானைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

தேர்தலில் டாக்டருக்கு டெபாசிட்கூடத் தேறவில்லை. அரண்மனை ஆட்கள் சிலருக்குக் காலரா வந்தது, அதற்குமேல் பரவவில்லை. வராத நோய்க்கு யார் நன்றி சொல்வார்கள்? முரசு ஒருவழியாக அறிவித்தபோது ஊர் திரும்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தது. நானா எதனால் போனார் என்று விளங்கியது. எசில்ஃபியின் கிணறு நானாவை விழுங்கிவிட்டது என்று கடைத்தெருவில் ஏசினார்கள். இதுவும் ஒருநாள் வரும் என்று தெரிந்துதான் அவர் அன்றைக்குப் பேசினார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

முரசு அடித்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மறுபடி அங்கேதான் இருந்தார். பழைய வெள்ளைக் கோட்டு, பழைய மேஜை. வெளியே வழக்கமாகக் கூட்டம் முட்டி மோதுகிற பெஞ்சு காலி. வெகுநேரம் கழித்து மீன் சுடுகிற அராபா மகளை முதுகில் கட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள். எதிர்க்கட்சி ஊர்வலத்தில் முன்னால் ஆடியவள் அவள்.

"டாக்டர், ஓட்டு உங்களுக்குப் போடல. நேத்து கடைத்தெருவுல நானும்தான் ஏசினேன்" என்றாள். "புள்ளைக்கு உடம்பு கொதிக்குது."

டாக்டர் அதற்குள் எழுந்து முதுகுத் துணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேருந்து?" என்று கேட்டார்.