சம்பந்தி வீட்டுக் காளை

கல்யாண விருந்துக்கென்று சம்பந்தி பார்த்துப் பார்த்து வளர்த்த காளை, லாரியிலிருந்து இறங்கும்போது பலகையில் வழுக்கி விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான், எழுந்திருக்கவில்லை.

இறைச்சிக்கூடத்து மாட்டு டாக்டர் ரப்பர் பூட்ஸோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரே மகளைத்தான் இந்தச் சம்பந்தியின் பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். வேறு யாருடைய மாடாக இருந்தாலும் இந்நேரம் கறிக்கு ஆகாது என்று முதுகில் சிவப்புச் சாயத்தைப் பூசி ஒதுக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாள். இன்று கை வரவில்லை.

சம்பந்தி வாலை முறுக்கினார், தட்டிக்கொடுத்தார், "ராசா, மானத்தை வாங்காதடா" என்று கெஞ்சியும் பார்த்தார். ராசா சாவகாசமாக அசை போட்டுக்கொண்டு கிடந்தது. வெகுநேரம் கழித்து, எல்லோரும் ஓய்ந்துபோன பிறகு, தானாகவே எழுந்து நின்று உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. லாரி டிரைவர் கைதட்டினார். சம்பந்திக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா சம்பந்தி? எப்படி நிக்கிறான் பாருங்க. உள்ள ஓட்டச் சொல்லுங்க."

"முடியாது சம்பந்தி." "எழுந்திருக்க முடியாம கிடந்த மாடு சமையலுக்குப் போகக் கூடாது. அப்புறமா எழுந்தாலும் சட்டம் அதுதான். தனியாக் கொன்னு, மூளையில கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பணும்."

"எதுக்கு?"

"பைத்திய மாட்டு நோய் இல்லேன்னு பாக்கத்தான்."

எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். ஆனால் பெண் கொடுக்கப் போகிற வீட்டில் போய் அதைச் சொல்லலாமா? சம்பந்தியின் காது சிவந்துவிட்டது.

"என் வீட்டு மாட்டுக்குப் பைத்தியமா? எங்க பரம்பரையிலயே யாருக்கும் கிடையாதும்மா. நல்லா விசாரிச்சுட்டுத்தானே சம்பந்தம் பேச வந்தீங்க?"

"ஐயோ, மாட்டைத்தான் சொல்றேன். வழுக்கித்தான் விழுந்திருக்கும். ஆனா வழுக்கி விழுந்ததும் நோயில விழுந்ததும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். எவ்வளவு வேக வெச்சாலும் போகாத நோய் அது. சாப்பிடப் போறது நம்ம ஜனங்கதானே?"

சம்பந்தி வெறும் லாரியில் ஏறி, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

வீட்டில் மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். "உன் சட்டத்த என் கல்யாணத்துலயா காட்டணும்? கொஞ்சம் கண்ண மூடிக்கிட்டு விட்டிருக்கக் கூடாதாம்மா?"

"விட்டிருந்தா உன் இலையில நானே அதப் பரிமாறணும்டி. என்னால முடியாது."

மகள் எழுந்து போய்விட்டாள். செய்தது சரிதான் என்று தெரிந்தும், பாத்திரம் கழுவும்போது அவளுக்கு அழுகை வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து போன் வரவில்லை. மாப்பிள்ளைப் பையன்கூட மகளிடம் ஒப்புக்குத்தான் பேசினான்.

லேபிலிருந்து முடிவு வந்தது. நோய் எதுவும் இல்லை. அவளே போனை எடுத்துச் சொன்னாள்.

"அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்றார் சம்பந்தி.

"சொன்னீங்க."

பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "வேற காளை கொண்டு வர்றேன். நீங்களே பாத்து விடுங்க. நீங்க பாக்காத கறிய வாயில வைக்க மாட்டேன்னு என் வீட்டுக்காரி ஒத்தக் கால்ல நிக்கிறா."

புதுக் காளை வந்த அன்று லாரிப் பலகை முழுக்கச் சாக்கு விரித்திருந்தார். காளை மாப்பிள்ளை மாதிரி நிதானமாக நடந்து இறங்கியது. பின்னாலேயே வந்த சம்பந்திதான் தான் விரித்த சாக்கிலேயே கால் மாட்டி, குப்புற விழுந்தார்.

டிரைவர் தூக்க ஓடினார். அவர் கை படுவதற்குள் சம்பந்தி துள்ளி எழுந்து, இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார்.

"சம்பந்தி, நல்லாப் பாத்துக்குங்க! யாரும் தூக்கல, நானே எழுந்துட்டேன்!"

அவள் சிவப்புச் சாய டப்பாவை மூடி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.