மணல் மூடிய புஞ்சை

பேரையூருக்குக் கிழக்கே கண்மாய்க் கரை உடைந்த ஐப்பசியில், வெள்ளம் சின்னச்சாமியின் புஞ்சை மேல் முழங்கால் உயரத்துக்கு மணலைப் போட்டுவிட்டுப் போனது. அவனும் மனைவி இருளாயியும் கோடை முழுக்க மணலைக் கூடையில் அள்ளி ஓரத்தில் கொட்டினார்கள். காற்று திரும்பக் கொண்டுவந்து போட்டது. விதைத்த கம்பு விரல் உயரத்தில் கருகியது. மறு வருஷமும் அப்படியே.

அதன் பிறகு எருக்குதான் முளைத்தது. சின்னச்சாமி ஆத்திரத்தோடு பிடுங்கி எறிந்தான். மேற்கு ஓரத்தை மட்டும் கை சலித்து விட்டுவிட்டான். அங்கே எருக்கின் தூரில் சருகு தங்கியது, சருகுக்குள் கொழிஞ்சிச் செடி தலைகாட்டியது. அடுத்த மழைக்குப் புஞ்சை பூராவும் கொழிஞ்சி. இருளாயி வேரடி மணலைக் கிள்ளிப் பார்த்தாள். விரலில் லேசாகக் கறுப்பு ஒட்டியது.

"இன்னும் ரெண்டு மழைக்கு இது இங்கேயே மக்கட்டும். அப்புறம் எதப் போட்டாலும் வரும்," என்றாள்.

யுத்த காலம் அது. கடையில் தானியம் இல்லை, கூலி வேலையும் இல்லை. காய்ச்சலிலிருந்து பிழைத்த மகள் செல்லத்தாய், நடக்கத் தெம்பில்லாமல் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். அப்போதுதான் நஞ்சைக்காரர் பேச்சிமுத்து வந்தார். வயலுக்குத் தழை உரம் வேண்டும், கொழிஞ்சியைக் கொடுத்தால் ஒரு மூட்டை கேப்பை தருவதாகச் சொன்னார்.

"நாளைக்குச் சொல்றோம்ணே," என்றாள் இருளாயி.

அவர் போனதும் சின்னச்சாமி, "என்னத்த நாளைக்கு? பிள்ளையப் பாரு," என்றான்.

"இதையும் பிடுங்கிட்டா பழையபடி வெறும் மணலுதான்."

"நெலத்துக்கு உசுரு வர்றதுக்குள்ள இவளுக்குப் போயிரும்."

மறுநாள் இருளாயியே போய்ச் சரியென்று சொன்னாள். கேப்பை வந்தது. கூழ் காய்ச்சினாள்.

ஆட்கள் கொழிஞ்சியை வேரோடு பிடுங்கினார்கள். பிடுங்கிய இடமெல்லாம் மணல் பறந்தது. மேற்கு ஓரத்துக்கு அவர்கள் வந்தபோது இருளாயி குறுக்கே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இம்புட்டயாவது விட்டுருங்கண்ணே. கேப்பையில கொஞ்சம் திரும்ப எடுத்துக்கங்க."

 பேச்சிமுத்து, பிடுங்கினதை மட்டும் வண்டியில் ஏற்றச் சொன்னார். கேப்பையில் எதையும் திரும்பக் கேட்கவில்லை.

கேப்பை தீர்ந்ததும் சின்னச்சாமி மூட்டை தூக்க மதுரைக்குக் கிளம்பினான். "மழை பேஞ்சா சொல்லி விடு, வாரேன்."

மழை பெய்தது. சொல்லி விட்டாள். அவன் வரவில்லை. மதுரைச் சந்தைக்குப் போய் வந்தவர்களும் அவனைப் பார்க்கவில்லை என்றார்கள்.

மீதிப் புஞ்சை வெறுமையாகவே கிடந்தது. விட்டுவைத்த ஓரத்தில் மட்டும் அவள் கொள்ளு விதைத்தாள். செடி கருகாமல் நின்றது, காய்த்தது. அடித்துப் புடைத்தபோது ஒரு கூடைகூட நிறையவில்லை. அதில் பாதியை விதைக்கென்று பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டினாள்.

செல்லத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது நமக்கு வேணாமாம்மா?"

"வேணும்," என்றாள் இருளாயி, முடிச்சை இறுக்கியபடி.