வெட்டி அனுப்புவதற்கு ஒரு வாக்கியம்

1

வாசகரே, இந்தக் கதை கேலியாகப் பிறந்தது. இப்போது அவமானமாக வளர்ந்து நிற்கிறது. பிறந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டென்மார்க்கிலுள்ள எங்கள் சில்க்போர்க் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்குக் கதை கேட்டார்கள். விக்டோரியா மகாராணி காலத்து லண்டனைக் களமாக எடுத்தேன். சர்க்கரைப் பாகிலே அபினையும் சாராயத்தையும் கலந்து போத்தலில் அடைத்து, சகல நோய்க்கும் ஒரே மருந்தென்று பத்திரிகை பத்திரிகையாக விளம்பரம் செய்து விற்ற காலம் அது. அழுகிற குழந்தைக்கும் அதுதான். இருமுகிற கிழவனுக்கும் அதுதான். அந்த மடமையைக் கிழித்துத் தொங்கவிட எண்ணினேன்.

[முதல் தொடக்கம்: "லண்டன் மாநகரின் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஒரு குதிரை வண்டி..." கைவிட்டேன். லண்டன் என்றதும் எல்லாரும் மூடுபனியைத்தான் அவிழ்த்துவிடுகிறார்கள்.]

இரண்டாவது தொடக்கமாக ஒரு பொய் விளம்பரம் எழுதினேன். "டாக்டர் பெண்டில்பரியின் சஞ்சீவித் துளி! இரத்த அழுத்தம், மூட்டுவலி, மனச்சோர்வு அனைத்தும் பறந்தோடும்! அருந்தும் நாள்களில் வேறெந்த மருந்தையும் தீண்டாதீர்!" இரத்த அழுத்தம் அக்கால விளம்பரத்தில் வராது, நீங்கள் சிரிக்க வேண்டும் என்று நான் செருகியது. அபினை மலரில் அச்சிடத் தயங்கி, எங்கள் குசினியில் சமையல் சாமான் தட்டில் கண்ணில் பட்டவற்றை எழுதினேன்: மல்லி, வேர்க்கொம்பு என்கிற சுக்கு, கருஞ்சீரகம், தேன்.*

* மல்லியோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. சளி, தடிமனுக்குத் தாராளமாகக் குடியுங்கள்.

2

மலராசிரியர் கோணேஸ்வரன் ஆர்வம் தாங்காமல் விளம்பரத்தை மட்டும் வெட்டி மன்றத்தின் வாட்ஸப் குழுவில் போட்டார். அங்கிருந்து அது ஓகூஸ் நகரத்துக்குப் போயிற்று, ஓகூஸிலிருந்து எஸ்பியர்க்குக்கு. போகும் வழியில் லண்டன் உதிர்ந்தது, பெண்டில்பரி உதிர்ந்தார், என் கேலி உதிர்ந்தது. எஞ்சியது மல்லி.

எஸ்பியர்க்கிலிருந்து அது என் கைபேசிக்கே திரும்பி வந்தபோது, "எனக்குச் சுகம் வந்தது" என்று மூன்று பேரின் சாட்சியம் அடியில் ஒட்டியிருந்தது. அக்கால வியாபாரியாவது உட்கார்ந்து சாட்சியங்களை இட்டுக்கட்ட வேண்டியிருந்தது. நம்மவர் கேளாமலே எழுதித் தருகிறார்கள்!

3

இனி எங்கள் மன்றத்து இராசலட்சுமி. இப்படி ஒரு பாத்திரத்தை நான் கற்பனையில் படைத்திருந்தால், நம்பும்படி இல்லையென்று நானே நீக்கியிருப்பேன்.

அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் மாத்திரை போட்ட குளிசைக் கிண்ணங்களை ஏந்தி அறை அறையாகப் போவாள். கன்னத்துக்குள் குளிசையை ஒதுக்கி ஏய்க்கும் டேனிஷ் கிழவர் ஒருவர் அங்கே உண்டு. "விழுங்கிட்டீங்களோ? வாயைத் திறந்து காட்டுங்கோ" என்று அவருடைய மொழியிலேயே அதட்டி, நாக்கை உயர்த்தச் சொல்லிப் பார்த்த பிறகே நகர்வாள்.

அவ்வளவு கண்டிப்பான அதே இராசலட்சுமி ஓய்வறைக்குப் போய், பையிலிருந்த பிளாஸ்கைத் திறந்து மல்லித் தண்ணீர் குடித்தாள். அவளுடைய பிரஷர்க் குளிசைகள், விளம்பரம் சொன்னபடியே, வீட்டில் தீண்டப்படாமல் கிடந்தன. விடிந்ததிலிருந்து காதுக்குள் ஓர் இரைச்சல். மருந்து வேலைசெய்கிறது, உடம்பிலுள்ள கெட்டதெல்லாம் கிளம்புகிறது என்று மகிழ்ந்து, இன்னொரு மிடறு குடித்தாள்.

4

[அன்று மாலை சினம் கொண்ட சிங்கமென எழுத்தாளர் அவள் வீட்டுக்குப் புறப்பட்... கைவிட்டேன். அவள் மகள் அழைத்ததும் பேருந்தில்தான் போனேன்.]

"தங்கச்சி, அது நான் எழுதினது. பகிடிக்கு எழுதினது. முழுப் பொய்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்களோ அண்ணை எழுதினது? நான் ஆரோ எஸ்பியர்க்காரர் எண்டெல்லோ நினைச்சன்!"

"பொய் எண்டு சொல்லுறன்."

"நீங்கள் பொய் எழுத மாட்டியள். சீதனம் கூடாதெண்டு நீங்கள் மேடையில கதைச்சதைக் கேட்டுத்தானே இவர் என்னை ஒரு சதம் வாங்காமல் கலியாணம் முடிச்சவர். இருங்கோ, உங்களுக்கும் ஒரு கப் ஊத்திறன்."

முப்பது ஆண்டுகளாக மேடைகளில் சேர்த்த நற்பெயர் அனைத்தும் ஒரே நொடியில் நான்காவது சாட்சியமாயிற்று.

பிரஷர் பார்க்கும் கருவியோடு பக்கத்தில் நின்ற மகள் நிலுஷா, "மோர், ஸ்டொப் நு!" என்று டேனிஷில் வெடித்தாள். அம்மா, போதும், நிறுத்து.

"நூத்தித் தொண்ணூறு காட்டுது, மாமா. டொக்டரிட்டயும் வரமாட்டாவாம்."

"அது மெசின் பழசு, பிள்ளை" என்றாள் இராசலட்சுமி.

"போன மாசம் வாங்கின மெசின்!" நிலுஷாவின் கண்கள் கலங்கின. "அம்மம்மாவும் இப்பிடித்தானே விழுந்தவ. மாமா, நீங்கள் எழுதினது. நீங்களே எழுதி நிப்பாட்டுங்கோ."

"எழுதினால் வெட்டிப்போடுவாங்கள், பிள்ளை."

"வெட்டினாலும் பிழையான அர்த்தம் வராத மாதிரி எழுதுங்கோ."

5

எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: இராசலட்சுமி மயங்கி விழுகிறாள், வாய் கோணுகிறது. [கைவிட்டேன். "தேன் கலப்படம், அதுதான்" என்று குழு தீர்ப்பெழுதும். தவிர, அவள் உயிரோடிருக்கையில் அவளை வீழ்த்த என் பேனா மறுக்கிறது.]

முடிவு இரண்டு: அவள் மனம் மாறி, வைத்தியரிடம் போய் நலமடைகிறாள். [கைவிட்டேன். "நலமடைகிறாள்" என்பதை மட்டும் வெட்டி மல்லியின் கீழே ஒட்டுவார்கள்.]

முடிவு மூன்று: எழுத்தாளர் மேடையேறி, அந்தப் பிளாஸ்கை உயர்த்திப் பிடித்து முழங்குகிறார். [இது நடந்தே விட்டது. மன்றத்தில் முழங்கினேன். பிளாஸ்கும் கையுமாக நான் நிற்கும் படம் இப்போது சுற்றுகிறது. பேச்சு இல்லை. படம் மட்டும்.]

என் வாக்கியங்கள் மேடையில் வளர்ந்தவை. ஏறி, வளைந்து, இறங்கும்போதுதான் பொருள் தருபவை. ஏறும்போதே அறுத்துவிடுகிறவர்களிடம் அவை என்ன செய்யும்?

6

ஆகவே, வாசகரே, வாழ்நாளில் முதன்முறையாக வெட்டுவதற்கென்றே ஒரு வாக்கியம் அமைத்திருக்கிறேன். முன்னும் பின்னும் எதுவும் வேண்டாம். இதை மட்டும் அறுத்து, ஓகூஸுக்கும் எஸ்பியர்க்குக்கும் அனுப்புங்கள்:

வைத்தியர் தந்த குளிசையை விழுங்குங்கள்; விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுங்கள்.

பின்பாதி என்னுடையதன்று. யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

மலர் அச்சேறும்வரை காத்திருக்க நேரமில்லை. இந்தத் தாள்களை நிலுஷா இப்போதே வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். என் எழுத்தெல்லாம் மேடையேறுமுன் சத்தமிட்டு வாசித்துப் பார்ப்பவள் இராசலட்சுமி; கணீரென்ற குரல். இதையும் வாசிப்பாள். பெண்டில்பரியைக் கண்டதும் சிரிப்பாள். மூன்றாம் பகுதியில் என்மேல் கோபப்படுவாள். கோபத்தோடு இந்த இடத்துக்கு வந்து சேர்வாள்.

வந்துவிட்டாயா, தங்கச்சி? தாளிலிருந்து கண்ணை எடு. உன் மகள் ஒரு கையில் கிண்ணத்தோடும் மறு கையில் தண்ணீரோடும் முன்னே நிற்கிறாள். கதையின் முடிவு என்னிடம் இல்லை; அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. எடுத்துக்கொள்.

இப்போது நாக்கை உயர்த்து. பிள்ளை பார்க்கட்டும்.