ராஜவேலுவின் படகுக்கு ரிவர்ஸ் விழவில்லை

1

இந்தக் கதை களம்பூர் ரோட்டில் எனக்குக் கிடைத்தது. லாரி மேல் ஒரு மோட்டார் படகு போனது. நீளத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்: மூக்கு ஆரணிக்குள் நுழைந்தபோது வால் இன்னும் களம்பூர் ரைஸ்மில் தவிட்டை மோந்துகொண்டிருந்தது. (சரி, பதினெட்டு அடி. பென்ஷன்காரன் கொஞ்சம் நீட்டினால் என்ன?)

முதல் வரி இப்படி இருந்தது: ‘கமண்டல நாகநதியில் வெள்ளம் கரைபுரண்ட ஒரு...’ அடித்துவிட்டேன். மணல் மட்டுமே ஓடும் ஆறு அது, ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

2

ராஜவேலு பட்டுப் பாவு நீட்டுகிறவர்; அதாவது தறிக்குப் போகும் நூலைத் தெரு நீளத்துக்கு விறைக்க இழுத்துக் கட்டுகிறவர். மூடிப்போன ஒரு விடுதியின் படகை ஆசைப்பட்டு வாங்கித் தெருவில் நிறுத்திவிட்டார். விடிந்தால் அதே தெருவில்தான் பாவு நீட்டவேண்டும்.

“சாயங்காலத்துக்குள்ள கியர் வுழுந்தா ஏரிக்குப் போவட்டும். இல்லைன்னா காயலான் கடைக்கு. வண்டிக்குச் சொல்லிட்டேன்” என்றார் மனைவி சூர்யகலா.

[அடிக்குறிப்பை மேலேயே போடுகிறேன்: இதில் இன்ஜின் உள்ளே, தண்ணீர் தள்ளும் விசிறி வெளியே வாலில். கியர் லிவரிலிருந்து இன்ஜினுக்கு ஒரு கேபிள், அங்கிருந்து வாலுக்கு இன்னொன்று.]

3

லிவர் அசையவில்லை. ராஜவேலு இரண்டு கேபிளையும் பிரித்தார். லிவர் வழுக்கிக்கொண்டு ஓடியது; கோளாறு அந்தப் பக்கம் இல்லை. வால் கேபிளைக் கையால் இழுத்தார், முரண்டு பிடித்தது. ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, உள்ளே துரு.

சூர்யகலாவின் தம்பி இளவரசன் எண்ணெய்க் குப்பியோடு வந்தான். “ரெண்டு சொட்டு வுட்டா சரியா பூடும் மாமா.”

“இன்னிக்கு ஓடும் மச்சான். நாளைக்கு நடு ஏரியில மாட்டிகினு நிப்பேன். நீ நீந்தி வந்து தள்ளுவியா?”

படகோடு வந்த பெட்டியில் புதுக் கேபிளும் உறையும் இருந்தன. (நான்தான் வைத்தேன். வேறு யார் வைப்பார்கள்?)

4

இங்கே ராஜவேலு மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை சரியாகச் செய்கிற ஆளை யார் நம்புவார்? நல்லவேளை, அவரே ஒரு தப்புச் செய்து காப்பாற்றினார். புதுக் கேபிளைப் பாவு மாதிரி விறைக்க இழுத்து மாட்டினார். தொய்ந்தால் இழை சிக்கும் என்று பழகிய கை. சாவியை உருவிவிட்டு, லிவரை நியூட்ரலில் வைத்து, மனைவியிடம் விசிறியைக் கையால் சுற்றச் சொன்னார்.

“இன்னாங்க, நியூட்ரல்னீங்க, சுத்தவே மாட்டேங்குது!”

“மாமா, அதுல பொடவையா நெய்யப் போறே?” என்றான் இளவரசன்.

இழுத்த இழுப்பில் வால் கியரிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. ராஜவேலு பல்லைக் கடித்துக்கொண்டு நுனித் திருகைத் தளர்த்தினார். இழுக்காமல், தள்ளாமல், கேபிள் நுனி தானாக ஆணியில் போய் உட்கார்ந்தது. விசிறி சுழன்றது. முன்கியரும் விழுந்தது. ரிவர்ஸ் பாக்கி.

5

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் மொத்தத் தெருவும் படகேறுகிறது. இன்னொன்றில் இன்ஜின் காயலான் கடைக்குப் போய் உருகி, ஆரணி வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் தாழ்ப்பாளாகிறது. மூன்றாவதில் ராஜவேலு... வேண்டாம், எனக்கே பிடிக்கவில்லை.

தெருமுனையில் காயலான் கடை வண்டி ஹாரன் அடிக்கிறது.

“யோவ், அந்தாண்டயே நில்லுய்யா!” வரச்சொன்ன சூர்யகலாவேதான் கத்துகிறார். இரு கையும் விசிறியில். “நீங்க ரிவர்ஸ் போடுங்க, ஜல்தி!”

ராஜவேலு லிவரை விட்டுவிட்டுக் கேபிள் நுனியைப் பார்க்கக் குனிந்துவிட்டார். எனவே வாசகரே, நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். சூர்யகலா சுற்றச் சுற்ற மெல்லப் பின்னால் இழுங்கள்; பலம் காட்டாதீர்கள். வண்டிக்காரரை நான் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைக்கிறேன்.