பெட்டிக்குள் நித்திரையான கதை

1

நல்ல கதை ஒரே இருப்பில் எழுதப்படுகிறது. நடுவில் எழும்பிப் போனவன் எழுதுவது கதையல்ல, விண்ணப்பம். இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை. உலக இலக்கியத்துக்கு நான் அளிக்கும் ஒரே விதி இது. வளாகத்துச் சுவர்ப் பத்திரிகையில் வந்த என் கதைகள் எல்லாம் இந்த விதிப்படி பிறந்தவை. அவை ஏன் இவ்வளவு சின்னன் என்று கேட்டவர்களுக்கு என் கதிரையைக் காட்டியிருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தவர்கள் பிறகு கேட்கவில்லை.

இந்தக் கதை பிறந்ததே விதியை மீறும் ஒருவனைப் பகிடி பண்ணத்தான். பாஹிம், என் அறைத்தோழன், கிண்ணியாக்காரன். வேலையை நடுவில் விட்டு எழும்பும் ஒவ்வொரு தடவையும், சோற்றுக்கோ தொழுகைக்கோ கீழே கடைக்கோ, கைபேசியில் தனக்குத்தானே ஒரு குரல்செய்தி அனுப்பிவிட்டுத்தான் போவான்.

"பாஹிம், நான்தான் பாஹிம். இப்ப எங்க நிக்கிறன் எண்டா, தூங்குற பகுதி சரி, எழும்புற பகுதியில சந்தேகம் இரிக்கி. தேத்தண்ணி அடுப்புல. மறந்திராத."

திரும்பி வந்து அதைப் போட்டுக் கேட்பான். கேட்டுவிட்டு, "ஆ, சரி" என்று அந்தக் குரலுக்குப் பதிலும் சொல்வான்.

"உனக்கு நீயே கடிதம் போடுறாய் மச்சான். முத்திரை ஆர் ஒட்டுறது?"

"எனக்கு எல்லாத்தையும் தலையில வச்சிக்க ஏலாது மச்சான்."

"உண்மையான எழுத்தாளனுக்கு இதெல்லாம் தேவையில்ல."

"நீ ஒரு கதைய முழுசா எழுதிக் காட்டு. மறுகா கதைப்பம்."

எழுதத் தொடங்கினேன்.

2

கடல் அமைதியாக இருந்தது. தூரத்தில் ஒரு கப்பல்—

(வேண்டாம். திருகோணமலைக் கதை என்றால் கடலில் தொடங்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டுவைத்திருக்கிறார்கள். எங்கள் அறை வலையும் கயிறும் விற்கும் கடைக்கு மேலே. ஜன்னலைத் திறந்தால் தெரிவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி.)

மேசையில் ஒரு பெட்டி இருந்தது. இது பரவாயில்லை, உண்மையும்கூட. பெட்டிக்குள் ஒரு சின்னக் கணினி. பாஹிமின் ராத்தா, அதாவது அக்கா, சனூஸா கடலுயிர் ஆராய்ச்சி செய்கிறவர். துறைமுக வாயிலுக்கு வெளியே ஒரு மிதவையில் இந்தப் பெட்டியைக் கட்டி, தண்ணீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கி, திமிங்கிலங்கள் பேசுவதைக் கேட்கிறார். கேட்க முயல்கிறார் என்பதே சரி. கப்பல் எஞ்சின் எது, இறால் சத்தம் எது, திமிங்கிலம் எது என்று பிரித்தறியப் பெட்டிக்குச் சில நாள் பிடிக்கும். அதற்குள் வானத்தை மப்பு மூடும். சூரியத் தகடு சோரும், பெற்றரி இறங்கும், பெட்டி அணையும். வெயில் வந்ததும் எழும்பும், பச்சைக் குழந்தையாக. படித்தது எல்லாம் போயிருக்கும். மறுபடியும் முதல் இறால்.

ஒரு கிழமைப் பதிவை, ஏழு நாளும் தொடர்ச்சியாகக் காட்டாவிட்டால் பெட்டியை இந்த மாதத்தோடு தெற்குக் கரைக்கு மாற்றப்போவதாக ஆராய்ச்சியை நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். ராத்தாவுக்கு அங்கே இடமில்லை. வேலையும் இல்லை.

ஆகவே பாஹிம் பெட்டிக்கு நித்திரை பழக்குகிறான். பெற்றரி இறங்கும்போது நினைவில் உள்ள அத்தனையையும் சேமிப்பு வட்டில் எழுதிவிட்டு அணைவது. கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே திருப்பி வைத்து, பாதியில் விட்ட சொல்லிலிருந்து தொடர்வது. மடிக்கணினிகள் பல வருடமாகச் செய்கிற வேலைதான். ஆனால் இந்தப் பெட்டியில் இருப்பது வேறு குலத்துச் செயலி, புரொசசர். கொஞ்ச மின்சாரத்தில் ஓடுகிறது என்று வாங்கியது. இந்தப் பலகைக்கு நித்திரையை யாரும் இன்னும் எழுதவில்லை. பழைய செயலிக்கு எழுதியதைப் பார்த்து, வரிக்கு வரி, பாஹிம் இதற்கு மாற்றுகிறான்.

அதாவது, எழும்பிப் போகும்போது குரல்செய்தி வைக்கப் பெட்டிக்கும் பழக்குகிறான். குடும்ப வியாதி.

3

சனூஸா என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம். அளவுக்கு மிஞ்சி நல்லவராக வருகிறார். ஒரு குறையாவது வேண்டும். கறிவேப்பிலைப் பணிஸோடு மேலே வந்தவரிடமே கேட்டேன்.

"அக்கா, உங்களுக்கு என்ன குறை?"

"எனக்கா? போட்ல ஏறினா சத்தி, ஒரே வாந்தி."

"கடல் ஆராய்ச்சிக்காரிக்கா?"

"அதுக்குத்தான் தம்பி பெட்டி. நான் போகாமலே அது கேக்கட்டும் எண்டுதான்."

(எடுத்துக்கொண்டேன். நானாக இப்படி ஒன்றைக் கற்பனை செய்திருந்தால் நம்பமாட்டீர்கள்.)

2 (மறுபடியும்)

மன்னிக்கவும். மேலே வாசித்தவை ஒருமுறை அழிந்து, நினைவிலிருந்து திரும்ப எழுதப்பட்டவை. ஒருமுறை அல்ல, பலமுறை.

காரணம் பாஹிம். பெட்டி உண்மையிலேயே விட்ட இடத்தில் எழும்புகிறதா என்று பார்க்க, சேமிக்காத ஏதாவது அதில் திறந்திருக்க வேண்டுமாம்.

"உன்ட கதையப் பெட்டியிலயே எழுது மச்சான். சேமிக்காத."

"போனா?"

"போகாது."

போனது. பெட்டி அழகாக நித்திரை கொண்டது. எழுப்பினால் திரை கறுப்பு. ஒரே இருப்பில் எழுதுகிற கலைஞனான நான் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு முறையும் கடல் அமைதியாக இருந்தது. நான் இல்லை.

"எழும்பேக்குள்ள என்ன நடக்குது எண்டா," பாஹிம் பணிஸைக் கடித்தபடி விளக்கினான், "வீட்டுச் சாமானெல்லாம் பழைய இடத்தில வைக்கிறான் ஒருத்தன். அவனே அலுமாரி வார இடத்தில நிண்டா நசுங்கிருவான். அதால அவன முதல்ல விறாந்தையில நிப்பாட்டணும். நிப்பாட்டிட்டன். அப்பிடியும் சாகிறான்."

"ஏன்?"

"தெரிஞ்சா பணிஸ் திம்பனா?"

4

இங்கே கதைக்கு ஒரு சண்டை தேவை. அதிர்ஷ்டவசமாக நடந்தது.

பெட்டி தயாராகவில்லை என்பதை பாஹிம் ராத்தாவுக்குச் சொல்லவில்லை. அவரோ பெட்டியைக் கொண்டுபோக வாப்பாவின் (தகப்பனின்) போட்டை ஒழுங்குசெய்துவிட்டு வந்து நின்றார்.

"ஏண்டா செல்லல்ல?"

"ஒங்களுக்கு விளங்கும் எண்டு நினைச்சன். நான் தூங்காமக் கிடக்கிறதப் பாக்கல்லியா?"

"நீ தூங்காமக் கிடக்கிறது எப்பயும்தானே! செல்லாம விளங்கிக்கொள்ள நான் என்ன, உம்மாவா? ஒருத்தருக்குச் செல்லாமலே விளங்கும், இன்னொருத்தருக்குச் செல்லணும். ஆள் மாறினாப் பழக்கத்தையும் மாத்து!"

பாஹிம் கதிரையைத் திரையின் பக்கம் திருப்பினான்.

(இது இப்படியே அடுத்தடுத்து நடந்ததா? இல்லை. சண்டைக்கும் கதிரை திரும்பியதற்கும் இடையில் ஒரு சாப்பாடும் ஒரு மின்வெட்டும் இருந்தன. அவற்றை வெட்டிவிட்டேன். ஆனால் ராத்தா சொன்னது சொன்னபடியே.)

ராத்தாவின் பேச்சிலிருந்து அவனுக்குப் பிடிபட்ட பிழை இதுதான். செயலி, வாசிக்கும் கட்டளைகளில் கொஞ்சத்தை மடியில் கட்டிவைத்திருக்கும். நினைவில் நாம் புதுக் கட்டளை எழுதினால், பழைய குலத்துச் செயலி தானாகவே கவனித்து மடியை உதறிவிடும். இந்தக் குலம் உதறாது. "மடியில் இருப்பதைக் கொட்டு, புதிதாக வாசி" என்று சொல்ல வேண்டும். விறாந்தைக்குப் போனவனின் கையில் பழைய காகிதமே இருந்தது. பாஹிம் மூலத்தை ஒரு வரி பிசகாமல் மாற்றியிருந்தான். மூலத்தில் அந்த வரி இல்லை, ஏனென்றால் அங்கே அது தேவைப்படவில்லை. இல்லாத வரியையும் விசுவாசமாக மாற்றியிருந்தான்.

ஒரு வரி சேர்த்தான்.

"எழுது மச்சான்."

'கடல் அமை' என்று எழுதினேன். அவன் நித்திரையாக்கினான். வயரையே கழற்றினான். ராத்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார், தண்ணீர்த் தாங்கியில் ஏதோ எழுதியிருப்பதுபோல. வயரைக் கொழுவினான். திரை கறுப்பு. கறுப்பு. பிறகு:

கடல் அமை

பக்கத்தில் கோடு சிமிட்டிக்கொண்டு நின்றது, மிச்சத்தைச் சொல்லு என்பதுபோல.

"தி," என்றார் ராத்தா.

5

முடிவுகள்.

அ) பெட்டி கடலுக்குப் போகிறது, அன்றைக்கே ஒரு திமிங்கிலம் ராத்தாவின் பெயரைச் சொல்கிறது. (சினிமா.)

ஆ) மேசையில் எழும்பிய பெட்டி கடலில் எழும்பவில்லை. (பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். பிரதி திரும்பி வராது.)

இ) நாளைக்கும் மப்பு என்கிறார்கள். பெட்டி நிச்சயம் அணையும். மறுநாள் வெயில் வந்ததும்

"வினோஜன்! வாப்பா போட் ஜெட்டியில நிக்கிறார். பெட்டியத் தா!"

"கொஞ்சம் பொறு மச்சான், முடிவு எழுதுறன். ஒரே இருப்பில—"

"பெட்டிக்குள்ள இருந்து எழுதிட்டு இரி. கடலுக்குத்தான் போகுது."

"தம்பி, நீங்களும் வாங்க," என்றார் ராத்தா. "மிதவையில கட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும். நான் போட் ஓரத்தில பிஸியா இருப்பன்."

பாஹிம் இதுவரை எழுதியதை எனக்கு ஒரு பிரதி எடுத்துத் தருகிறான். நீங்கள் வாசிப்பது அதைத்தான். அசல் சேமிக்கப்படாமல் பெட்டியிலேயே திறந்திருக்கிறது. திரையையும் விசைப்பலகையையும் கழற்றப்போகிறார்கள். இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு நேர

6

(படிக்கட்டின் வளைவில், அவர்கள் இருவரும் முன்னே இறங்கிய பிறகு, கைபேசியில், மெல்லிய குரலில்.)

"வினோஜன், நான்தான் வினோஜன். கதை இப்ப எங்க நிக்குது எண்டா, பெட்டி பாஹிமிட கையில. அக்கா சத்தி வராம இப்பவே தேசிக்காய் மணந்துகொண்டு போறா. மூண்டாவது முடிவு பாதியில நிக்குது. வெயில் வந்து அது எழும்பினா, அந்தச் சொல்லில இருந்துதான் தொடங்கவேணும். மறந்திராத. இது ஆருக்கும் கேட்டா—ஓம் மச்சான், வாறன், வாறன்!"