ஏரியின் மேல் ஊர்

1986 பொங்கலுக்கு ராஜகீழ்ப்பாக்கம் குடியிருப்போர் சங்கத்தில் வினாடி வினா வைத்தார்கள். மனை விற்கும் ஜெயவேலு பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர். கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டார்.

"போன வருஷப் பூகம்பத்தில் மெக்சிகோ நகரம் அவ்வளவு மோசமாக இடிந்தது ஏன்?" என்று சங்கத் தலைவர் கேட்டார்.

"ஏரியைத் தூர்த்துக் கட்டின ஊர் சார் அது. அடியில வெறும் சேறு. அதான் கட்டடமெல்லாம் ஆடி விழுந்துச்சு."

எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவன் சின்னப்பன். போன மாதம்தான் ஜெயவேலுவிடம் முடிச்சூரில் மனை வாங்கியிருந்தான். பரிசோடு மேடையிலிருந்து இறங்கியவரிடம் மனைவி கனகவல்லியுடன் ஓடி வந்தான்.

"சூப்பர்ணா! நம்ம மனை மேட்லதானே கீது? நாளைக்கு வீட்டுக்குக் கடக்கால் தோண்டப் போறோம்."

ஜெயவேலுவுக்கு முகம் சுட்டது. சிறுவயதில் அவர் அதே இடத்தில் மீன் பிடித்திருக்கிறார். அதன்மேல் லாரி லாரியாக மண் கொட்டி நிரவியவரும் அவர்தான்.

"தோண்டாதே சின்னப்பா. அது ஏரி இருந்த இடம். ரோட்டோரம் என் சொந்த மனை இருக்கு, அதை உனக்கு மாத்தி எழுதித் தர்றேன்."

சின்னப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். கனகவல்லிதான் கேட்டாள்: "அப்போ தெரிஞ்சேதான் எங்களுக்கு வித்தீங்களா?"

"ஆமாம்மா" என்றார் தலை நிமிராமல்.

சொன்னபடியே பத்திரம் மாற்றிக் கொடுத்தார். ரோட்டோரத்தில் வீடும் எழும்பியது. புது வீட்டுக்குச் சின்னப்பன் நேரில் வந்து அழைத்தும் அவர் போகவில்லை. வாசலில் கனகவல்லி நின்றால், இன்றும் ஸ்கூட்டரை வேறு தெருவுக்குத் திருப்பிவிடுகிறார்.